அக்கூஸ்டிக் கிடாருக்கு எந்த கேஜ் கம்பி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர்ப் பக்கம் ஸ்ட்ரிங் செட் வாங்க வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவை இவை. இரும்புக் கம்பி போடும் ஆறு கம்பி அக்கூஸ்டிக் கிடாரை வைத்தே பதில்கள் சொல்லப்பட்டிருக்கின்றன.

10, 11, 12-ன்னு சொல்றாங்களே, அது என்ன கணக்குங்க?

கேஜ் என்றால் கம்பியின் தடிமன். செட்டிலேயே மெல்லிசான முதல் கம்பியின் தடிமன்தான் அந்த எண். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் எத்தனை பங்கு என்பதுதான் கணக்கு. 12 என்றால் 0.012 அங்குலம், அதாவது 0.30 மி.மீ. 10 என்றால் 0.25 மி.மீ., 13 என்றால் 0.33 மி.மீ. எண் ஏற ஏறக் கம்பி தடிக்கும்.

நம் பக்கத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருப்பூரில் நூல் கவுண்ட் பழகியவருக்கு 40 கவுண்ட் நூல் 30-ஐ விட மெல்லிசு. கோவையில் மோட்டார் காயில் கட்டுகிறவர்களின் எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கும் அப்படித்தான்: 30-ஆம் கேஜ் கம்பி 0.315 மி.மீ., 12-ஆம் கேஜ் 2.64 மி.மீ. கிடார் கணக்கு இதற்குத் தலைகீழ். பெரிய நம்பர்தான் மெல்லிசு என்று 13 வாங்கிப் போனால் பிள்ளையின் விரல் புண்ணாகும்.

வழக்கமான நான்கு செட்களின் அளவு, முதல் கம்பியிலிருந்து ஆறாவது வரை:

10 செட்: 10, 14, 23, 30, 39, 47
11 செட்: 11, 15, 22, 32, 42, 52
12 செட்: 12, 16, 24, 32, 42, 53
13 செட்: 13, 17, 26, 35, 45, 56

இவை டி'அடாரியோ அளவுகள். மற்ற கம்பெனிகளில் நடுக்கம்பிகள் ஒன்றிரண்டு எண் முன்பின் இருக்கும். அட்டையில் "லைட்" என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். டி'அடாரியோவின் லைட் 12-இல் தொடங்குகிறது, எர்னி பால் எர்த்வுட் லைட் 11-இல் தொடங்குகிறது. எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.

ஒரு நம்பர் கூடினா அப்படி என்ன பெரிய வித்தியாசம் வந்துடப் போகுதுங்க?

கேட்க ஒரு நூலளவுதான். ஆனால் ஒரே சுருதிக்கு ஏற்றும்போது கம்பியின் இழுவை தடிமனின் வர்க்கத்தில் கூடும். முதல் கம்பியை 10-லிருந்து 12-க்கு மாற்றினால் தடிமன் 20 சதவீதம்தான் ஏறுகிறது, இழுவையோ 44 சதவீதம் ஏறுகிறது. கிலோவில் சொன்னால் சுமார் 7.3 கிலோ இருந்தது 10.6 கிலோ ஆகிறது.

ஆறு கம்பியும் சேர்ந்து 10 செட் ஏறக்குறைய 61 கிலோ, 11 செட் 68, 12 செட் 74, 13 செட் 85 கிலோ இழுக்கும். 12 போட்ட கிடாரின் மெல்லிய மேல்பலகை, மூன்று சிப்பம் அரிசியின் எடைக்குச் சமமான இழுவையை ராத்திரி பகலாகத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. இது தெரிந்தால், கேஜ் மாற்றியதும் கழுத்து ஏன் வளைகிறது, மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் ஏன் எழும்புகிறது என்பதெல்லாம் தானாக விளங்கும்.

இப்ப கிடார்ல என்ன கேஜ் இருக்குன்னே தெரியலீங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கோவையில் இருந்துகொண்டு இதற்குக் கவலைப்பட வேண்டாம். எந்த லேத் பட்டறையிலும் மைக்ரோமீட்டர் இருக்கும். முதல் கம்பியைக் கழற்றி, நட்டுக்கும் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் குழிப்பட்டை) பிரிட்ஜுக்கும் நடுவில் தேயாத இடத்தில் அளந்து பாருங்கள். 0.25 வந்தால் 10, 0.28 வந்தால் 11, 0.30 வந்தால் 12. வெர்னியரில் இந்த நுணுக்கம் சரியாக வராது. அதில் ஆறாவது கம்பியை அளக்கலாம். 1.19 மி.மீ. என்றால் 47, 1.35 என்றால் 53. 52-ஐயும் 53-ஐயும் வெர்னியரில் பிரிப்பது கஷ்டம், அப்போது முதல் கம்பிதான் சாட்சி.

புதுசாக் கத்துக்கறவங்க எந்த செட்டுல ஆரம்பிக்கோணும்? விரல் வலி தாங்கலீங்க.

கேஜ் மட்டும் என்றால் பதில் எளிது: 11 போடுங்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்றால் 10. ஆனால் விரல் வலிக்கிறது என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையான சிக்கல் கேஜ் அல்ல, ஆக்‌ஷன். கம்பி ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் ஆக்‌ஷன். உயரத்தை அப்படியே விட்டுவிட்டு 10 செட் போட்டால் வலி கொஞ்சம் குறையும், ஒலி நிறையக் குறையும். அதனால் செட் வாங்குவதற்கு முன் இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள்.

முதல் இடம் 12-ஆவது ஃப்ரெட். கிடாரைச் சரியாகச் சுருதி சேர்த்துவிட்டு, ஸ்டீல் ஸ்கேலை ஃப்ரெட்டின் தலைமேல் நிறுத்தி, கம்பியின் அடிப்பக்கம் வரை எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஆறாவது கம்பிக்கு 2.5 மி.மீ., முதல் கம்பிக்கு 1.8 முதல் 2 மி.மீ. இருந்தால் நல்ல நிலை. விலை குறைந்த புதுக் கிடார்களில் 3.5, 4 மி.மீ. என்று இருப்பது சாதாரணம். பிரிட்ஜில் கம்பிகள் ஏறி நிற்கும் பட்டையான சேடிலை உருவி, அதன் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் சமமாகத் தேய்த்து இறக்கலாம். 12-ஆவது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்க, சேடிலில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். பென்சிலில் கோடு போட்டுக்கொண்டு, அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட்டு மாட்டிப் பாருங்கள். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

இரண்டாவது இடம் நட். ஒரு கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே பாருங்கள். முடி நுழையும் அளவு சந்து இருந்தால் போதும். விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் நட் உயரம். எஃப் கார்டு (F chord) வரவே மாட்டேன் என்கிறது என்று மாதக்கணக்கில் தம்மையே நொந்துகொள்கிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். நட்டில் குழி இறக்குவதற்கு அந்தந்தக் கம்பியின் அளவுக்கான அரம் வேண்டும். வீட்டில் முயலாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இந்த இரண்டும் சரியாக இருந்தால் 11 செட்டே பூப்போல இருக்கும். நான்கைந்து வாரத்தில் விரல் நுனி காய்த்துவிடும்.

12-லிருந்து 10-க்கு மாத்துனேனுங்க. இப்ப கம்பி கரகரன்னு அடிக்குது.

எதிர்பார்க்க வேண்டியதுதான். கழுத்தின் மேலிருந்து 13 கிலோ இழுவை குறைந்திருக்கிறது. இழுவைக்கு எதிராகக் கழுத்துக்குள் வேலை செய்யும் ட்ரஸ் ராட் என்ற தண்டு இப்போது ஜெயித்துவிட்டது; கழுத்து நேராகி, சில சமயம் பின்பக்கமாகவே சாய்ந்திருக்கும். போதாததற்கு மெல்லிய கம்பி அகலமாக ஆடும். முதல் நாலைந்து ஃப்ரெட்டில் மட்டும் கரகரப்பு இருந்தால் காரணம் இதுவே.

சரிபார்க்கும் விதம்: முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடுங்கள். ஆறாவது கம்பியைக் கழுத்து உடம்போடு சேரும் ஃப்ரெட்டில், பெரும்பாலும் 14-ஆவதில், அழுத்துங்கள். இப்போது ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 0.1 முதல் 0.3 மி.மீ. இருக்க வேண்டும். அளக்க, டூவீலர் மெக்கானிக் டேப்பெட் செட் பண்ண வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் கச்சிதமாகப் பொருந்தும். அது இல்லையென்றால் பழைய 10 கேஜ் முதல் கம்பியின் ஒரு துண்டே 0.25 மி.மீ. அளவுகோல்தான்.

சந்தே இல்லையென்றால் ட்ரஸ் ராடை இடஞ்சுழியாகக் கால் சுற்று தளர்த்தி, மறுபடி சுருதி சேர்த்துப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னொரு கால் சுற்று, அவ்வளவுதான். கிடாரோடு வந்த ஆலன் கீயையே பயன்படுத்துங்கள். அளவு சேராத கீயை விட்டுத் திருகினால் உள்ளே முனை மழுங்கிவிடும், அதைச் சரிசெய்யும் செலவில் வேறு கிடாரே வாங்கலாம். ட்ரஸ் ராட் ஆக்‌ஷனைக் குறைக்கும் திருகு அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

சத்தம் கணீர்னு வரோணும்னு 13 போடலாங்களா?

கிடாரைப் பொறுத்தது. கெட்டியான பெரிய உடம்பு, நல்ல நிலையிலிருக்கும் கழுத்து, கம்பெனியே 13-க்குச் சம்மதம் சொல்லியிருக்கிறது என்றால் போடலாம். பிக் வைத்து ஓங்கி அடிக்கும் கை, சுருதியை இறக்கி வாசிக்கும் பழக்கம், இந்த இரண்டில் ஒன்றாவது இருந்தால்தான் அதற்குப் பலன். இல்லையென்றால் 12 போதும்.

விலை மலிவான ப்ளைவுட் கிடாரில் 13 போடுவது வம்பை விலைக்கு வாங்குவது. முதலில் பிரிட்ஜின் பின்பக்க விளிம்பு பலகையிலிருந்து எழும்பும். விசிட்டிங் கார்டின் மூலையை அங்கே நுழைத்துப் பாருங்கள்; உள்ளே போனால் அன்றைக்கே கம்பிகளைத் தளர்த்திவிடுங்கள், ஒட்டும் வரை சுருதி ஏற்றக்கூடாது. பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை தொப்பை போட்டிருந்தாலும் அதே எச்சரிக்கைதான். ட்ரஸ் ராடே இல்லாத பழைய கிடார்களுக்கு 10-ஐத் தாண்ட வேண்டாம்.

நட் குழியும் இடக்கு பண்ணும். 10-க்கு வெட்டிய குழியில் 13 உட்காராமல் மேலேயே தொங்கும், அல்லது சிக்கிக்கொள்ளும். தலைப்பக்கத்துச் சுருதிக் கீயைத் திருகும்போது சுருதி நகராமல் நின்று, திடீரென்று "டிக்" சத்தத்தோடு தாண்டினால் சிக்குகிறது என்று பொருள். லேசாக இருந்தால் குழியில் பென்சில் கரியைத் தேய்த்தால் போதும்.

பாடறவங்களுக்குச் சேர அரை கட்டை இறக்கி வாசிக்கறோமுங்க. அதுக்குத் தனி கேஜ் வேணுங்களா?

தேவாலயக் குழு, பஜனை, கல்லூரி விழா எல்லாவற்றிலும் வரும் கேள்வி. சாதாரண சுருதியில் ஈ வடிவில் வாசித்தால் 3 கட்டை. எல்லாக் கம்பியையும் அரை இறக்கினால் அதே வடிவம் 2½ கட்டையில் ஒலிக்கும். அப்படி இறக்கும்போது இழுவை 11 சதவீதம் குறையும். முழுதாக ஒன்று இறக்கினால் 20 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே குறையும்.

இதிலிருந்து கணக்கு தானாக வரும். அரை இறக்கிய 13 செட், சாதாரண சுருதியில் 12 செட் மாதிரியே கைக்கு இருக்கும். அரை இறக்கிய 12, கிட்டத்தட்ட 11 மாதிரி. நிரந்தரமாக இறக்கியே வைத்திருப்பவர்கள் ஒரு அளவு தடித்த செட் போடுவது சரி. 10 செட்டை முழுசாக ஒன்று இறக்கினால் ஆறாவது கம்பி கொடிக்கயிறு மாதிரி தொளதொளவென்று ஆடும்; அழுத்தும்போதே சுருதி ஓடும். ஒரு பாட்டுக்கு மட்டும் இறக்க வேண்டியிருந்தால் கேஜை மாற்றாதீர்கள்.

பாடுபவருக்காக ஏற்ற வேண்டுமானால் கம்பியை முறுக்காமல் கேப்போ போடுங்கள்.

சின்ன கிடாருக்குச் சின்ன கம்பிதானுங்களே?

இல்லை. நட்டிலிருந்து சேடில் வரையுள்ள நீளம் குறைந்தால் அதே சுருதிக்கு இழுவை தானாகக் குறையும், அதுவும் நீளத்தின் வர்க்கத்தில். அதனால் நீளம் குறைந்த கிடாருக்குத் தடித்த கம்பிதான் சேரும். 23.5 அங்குல நீளமுள்ள டெய்லர் ஜி.எஸ். மினி 13 செட்டோடுதான் வருகிறது. அந்த நீளத்தில் 13, முழு அளவுக் கிடாரின் 12 போலத்தான் இழுக்கும். யமஹாவில் எஃப்.ஜி.800 நீளம் 650 மி.மீ., எஃப்310 நீளம் 634 மி.மீ. ஒரே செட் போட்டாலும் எஃப்310-இல் 5 சதவீதம் மெத்தென்று இருக்கும்.

நீளம் குறையாமல் உடம்பு மட்டும் ஒடுங்கிய பார்லர் வகைக்கு 11 நன்றாகப் பொருந்தும்.

எலெக்ட்ரிக் கிடார் கம்பி மெல்லிசா இருக்கே, அதைப் போடலாங்களா?

போட்டால் ஒன்றும் உடையாது. ஆனால் அந்தக் கம்பி காந்தப் பிக்கப்புக்காகச் செய்தது. பலகையில் ஒலி சோகையாக வரும். மூன்றாவது கம்பியும் சுருள் இல்லாத வெறும் கம்பியாக இருக்கும், அக்கூஸ்டிக் சேடிலில் அது மேல் ஃப்ரெட்களில் சுருதி ஏறியே ஒலிக்கும்.

நைலான் கம்பி போட்ட கிடார்ல இரும்புக் கம்பி?

கூடவே கூடாது. கிளாசிக்கல் கிடாரின் கட்டமைப்பு சுமார் 40 கிலோ இழுவைக்கானது. 10 செட்டே அதைவிட 20 கிலோ அதிகம். பிரிட்ஜ் பெயர்ந்து வரும்.

ஒரே கம்பி அடிக்கடி அறுந்து போகுது. தடிச்ச கேஜ் போட்டா நிக்குங்களா?

பெரும்பாலும் நிற்காது. ஒரே சுருதியில், ஒரே நீளத்தில், 10-ஆனாலும் 13-ஆனாலும் இரும்பின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் சுமை ஒன்றேதான். இழுவை கூடுகிற அளவுக்குப் பரப்பும் கூடிவிடுகிறது. ஆகவே மெல்லிய கம்பி சுருதி ஏற்றியதால் அறுந்தது என்பது சரியல்ல. எங்கே அறுகிறது என்று பாருங்கள்.

சேடில் பக்கம் அறுந்தால், சேடிலில் கம்பி பதிந்து கூர்மையான விளிம்பு உண்டாகியிருக்கும். 600 நம்பர் உப்புத்தாளால் அந்த விளிம்பை உருட்டிவிடுங்கள். கீயின் தூணில் அறுந்தால் துளை ஓரத்தில் பிசிறு, அல்லது கம்பியைக் குறுக்கே ஏறச் சுற்றியிருக்கிறீர்கள். நட்டில் அறுந்தால் குழி குறுகல். நடுவில், பிக் படும் இடத்தில் அறுந்தால் துரு, இல்லையென்றால் கைவேகம். இந்த ஒன்றுக்குத்தான் தடித்த கம்பியோ மெல்லிய பிக்கோ உதவும்.

புதிதாகப் போடும்போதே முதல் கம்பி அறுகிறதா? ட்யூனர் செயலி வெறும் "ஈ" என்று காட்டுவதை நம்பி அடுத்த ஸ்தாயிக்கு ஏற்றியிருப்பீர்கள். ஹெர்ட்ஸ் காட்டும் செயலியாக இருந்தால் முதல் கம்பி 329.6-இல் நிற்க வேண்டும்.

வெயில் காலத்துல ஒரு மாதிரி, ஆடிக்காத்துல ஒரு மாதிரி இருக்குதுங்களே?

மரம் அப்படித்தான். 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் கிடாருக்கு உகந்தது. சித்திரை வெயிலில் கரூர், ஈரோடு பக்கம் காற்று காய்ந்து மேல்பலகை உள்வாங்கும், கம்பி தாழ்ந்து கரகரக்கும், ஃப்ரெட் முனைகள் கையைக் குத்தும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வரும் மாதங்களில் பொள்ளாச்சி, கோவையில் பலகை உப்பிக் கம்பி உயரும். வால்பாறைக்கோ ஊட்டிக்கோ கொண்டுபோனால் இன்னும் கூடுதல். இதற்காக கேஜை மாற்றாதீர்கள், வெயில் காலத்துக்கு ஓர் உயரம், மழைக்கு ஓர் உயரம் என இரண்டு சேடில் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது நல்ல ஏற்பாடு.

ஈரோட்டு வைகாசி வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடாரை விட்டுவிட்டுத் துணிக்கடைக்குள் போகாதீர்கள். பசை இளகிப் பிரிட்ஜ் நழுவ அரைநாள் போதும். நமக்கு ஒரே அனுகூலம் கடல் இல்லாதது. சென்னையில் உப்புக்காற்று தின்னும் வேகத்தில் இங்கே கம்பி துருப்பிடிக்காது. இங்கே கம்பியைத் தின்பது வியர்வை. வாசித்து முடித்ததும் பனியன் வேஸ்ட் துணியால் கம்பியின் மேலும் கீழும் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அழுக்கு சேர்ந்து சுருளுக்குள் அடைத்துக்கொள்ளும்.

பிராஸா, பாஸ்பர் பிரான்ஸா, கோட்டிங் உள்ளதா?

இது தடித்த கம்பிகளின் மேல் சுற்றியிருக்கும் சுருளின் உலோகம். 80/20 என்பது 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம். பிரான்ஸ் என்று பெயர் எழுதியிருந்தாலும் அது பித்தளைதான். புதிதில் பளீரென்று ஒலித்து, சீக்கிரம் மங்கும். பாஸ்பர் பிரான்ஸில் துத்தநாகத்துக்குப் பதில் வெள்ளீயம்; ஒலி கொஞ்சம் கனிவு, ஆயுளும் கூடுதல். டி'அடாரியோ இதை 1974-இல் கொண்டுவந்தது. கை அதிகம் வியர்ப்பவர்களுக்குக் கோட்டிங் உள்ள கம்பி விலைக்குத் தகுந்ததே. வியர்க்காதவர்கள் அந்தக் காசில் இரண்டு சாதா செட் வாங்கி அடிக்கடி மாற்றிக்கொள்ளலாம்.

செட் மாத்தும்போது எதைக் கவனிக்கோணும்?

வேறு கேஜுக்கு மாறுவதானால் முதலில் பழைய கம்பியிலேயே 12-ஆவது ஃப்ரெட் உயரத்தை அளந்து குறித்து வையுங்கள். மாற்றிய பிறகு எவ்வளவு நகர்ந்தது என்று தெரிய வேறு வழியில்லை.

கம்பியின் குண்டு முனையை பிரிட்ஜ் துளைக்குள் விட்டு, பின்னைச் செருகும்போதே கம்பியை மேல்நோக்கி இழுங்கள். குண்டு உள்பலகையில் போய் முட்டி நிற்க வேண்டும். பின்னின் அடிநுனியில் உட்கார்ந்துகொண்டால், சுருதி ஏறும்போது பின் தெறித்து வரும். மறுமுனையில், தூணைத் தாண்டி இரண்டு அங்குலம் விட்டு மீதியை வெட்டுங்கள். தடித்த கம்பிகளுக்கு இரண்டு மூன்று சுற்று, மெல்லியவைக்கு நான்கைந்து. சுற்றுகள் மேலிருந்து கீழாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இறங்க வேண்டும். சுருள் கம்பியை வளைக்காமல் வெட்டினால் சுருள் உள்ளே அவிழ்ந்து கம்பி செத்துப்போகும். முதலில் மடக்கி, பிறகு வெட்டுங்கள்.

சுருதி சேர்த்தபின் ஒவ்வொரு கம்பியையும் 12-ஆவது ஃப்ரெட் அருகில் மெதுவாகத் தூக்கி இழுத்து மறுபடி சேருங்கள். மூன்று நான்கு தடவை செய்தால் நிலைக்கும். ட்ரஸ் ராடை அன்றைக்கே தொடாதீர்கள். கழுத்து புது இழுவைக்குப் பழக ஒருநாள் விட்டு, மறுநாள் அதே ஸ்கேலை வைத்து, குறித்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.